வாட்டிக் காயவைத்த சாவி

வாகனச் சாவி தண்ணீரில் நனைந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குப் பதினொரு வயதிலிருந்தே தெரியும். முதலாவது, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று அதன் பொத்தானை அழுத்தவே கூடாது. மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். சவர்க்காரத் தண்ணீர் புகுந்திருந்தால் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலச வேண்டும். பிறகு நெருப்பில் காட்டாமல், அவசரப்படாமல் காய வைக்க வேண்டும். உள்ளே ஒரு பொட்டு ஈரமும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் பேட்டரியைத் திரும்பப் போடலாம். அன்று எங்கள் வீட்டில் இவை எல்லாவற்றையும் செய்தோம். வரிசைதான் கொஞ்சம் மாறிப்போயிற்று.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போக வேண்டிய ஒரு தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்தை நடத்திய தொரைக்கு அப்பாதான் டிரைவர். தோட்டத்துப் பழைய ஜீப்பைத் தேக்கரண்டிக் காம்பால்கூட ஸ்டார்ட் பண்ணலாம் என்று அப்பாவே சொல்லிச் சிரிப்பார். அந்த வருடம் அதற்குப் பதிலாகக் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளை ஜீப் வந்தது. அதன் சாவியோடு, ஒரே வளையத்தில், கறுப்பு நிறத்தில் ஒரு ரிமோட் தொங்கியது. தீப்பெட்டியைவிடச் சிறியது. இரண்டு பொத்தான்கள், ஒரு சிவப்பு விளக்கு. ரிமோட்டை அழுத்தாமல் வெறும் சாவியால் கதவைத் திறந்தால் மலை முழுவதும் கேட்கும்படி ஜீப் ஊளையிடும், எஞ்சினும் கிளம்பாது. இன்னொரு ரிமோட் கொழும்பில் கம்பனி அலுவலகத்தில் இருந்தது. தோட்டத்தில் இருந்தது இந்த ஒன்றுதான்.

அப்பாவுக்கு முன்பிருந்த டிரைவர், ஜீப்பின் முன்கண்ணாடி உடைந்த மறு வாரமே தேயிலை மலை வேலைக்கு அனுப்பப்பட்டார். டிரைவருக்கென்று ஒதுக்கிய இரண்டு அறை வீட்டையும் காலி செய்தார். அந்த வீட்டில்தான் நாங்கள் இருந்தோம். அவருடைய பிள்ளை சுவரில் கீறிய உயர அடையாளங்களுக்குப் பக்கத்திலேயே என் உயரத்தையும் கீறி வைத்திருந்தேன்.

அப்பாவின் உடுப்புகளைத் துவைக்கப் போடும் முன் பைகளைப் பார்ப்பது என் வேலை. எடுத்தவற்றை ஜன்னல் விளிம்பில் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக வைப்பேன். சீப்பு, கைக்குட்டை, மடித்த பஸ் டிக்கட், பல்குத்தும் குச்சி. சாவிக்கு மட்டும் விலக்கு உண்டு. அது எப்போதும் காற்சட்டையின் வலது பையில் இருக்கும்; வீட்டுக்கு வந்ததும் அப்பாவே எடுத்துச் சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவார். நான் அதைத் தொடக் கூடாது. விளையாட்டாகக்கூடத் தொடக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லப்பட்டிருந்தேன். இரண்டாவது தடவை என் காதைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆடி மாதம். பதினொரு நாட்களாக வெயிலின் முகமே தெரியவில்லை. முதல் நாள் கண்டிக்குப் போய்ப் பிந்தி வந்த அப்பா, காலை ஏழு மணிக்கே தொரையின் பங்களாவுக்குப் போய் ஜீப்பின் சேற்றையெல்லாம் கழுவி, பூட்டிவிட்டு, ஒன்பது மணிக்குத் தொப்பலாக நனைந்து வந்தார். தொரை மூன்று மணிக்குக் கொழும்புக்குப் புறப்படுகிறாராம். திங்கள் காலை கம்பனிக் கூட்டமாம். ஒரு மணிக்கு எழுப்பு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, காக்கி உடுப்பைக் கழற்றிப் போட்டு, லுங்கிச் சாரத்தைக் கட்டிக்கொண்டு போர்வைக்குள் போனார். ஆணியை மறந்துபோனார்.

காற்சட்டையின் வலது பைக்குள் கைவிட்டேன். சாவி இருந்தது.

அப்பாவை எழுப்பியிருக்கலாம். அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். நான் பின்வாசலுக்குப் போய் நின்று பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. பங்களா அரை மைலுக்கு மேலே இருந்தது. அங்கே ஜீப்புக்கு எதுவும் கேட்காது என்பது எனக்குத் தெரியும். ஏழு தடவை அழுத்தினேன். எட்டாவதற்கு முன் அம்மாவின் காலடி கேட்டது. அப்பாவின் காக்கிச் சட்டை என் கையில் கிடந்தது. சாவியை அதன் பைக்குள் போட்டேன். பையின் மூடியை இழுத்துவிட்டுப் பொத்தானையும் போட்டேன். எதையும் அரைகுறையாக விடாத பிள்ளை என்று பாடசாலையில் எனக்குப் பெயர்.

பை பார்த்தாயா என்று அம்மா கேட்டார். பார்த்தேன் என்றேன். ஆனாலும் அம்மா தன் வழக்கப்படி காற்சட்டையின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துப் பார்த்தார். சட்டைப் பையைப் பார்க்கவில்லை. அப்பா அதில் எதையும் வைப்பதில்லை. பிறகு, சவர்க்காரம் தீரப் போகிறது, கடைக்கு ஓடிப் போய் வா என்றார். அம்மா நான் வரும்வரை காத்திருப்பார், வந்து சட்டையை வாங்கிச் சாவியை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் முதலில் வந்தவர்களுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் திரும்பி வரும்போது, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியடியில், மிச்சமிருந்த சவர்க்காரத் துண்டைக் கொண்டே அம்மா சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார். கல்லில் ஓங்கி அடித்தார். துணி அடிபடும் சத்தத்துக்குள்ளே இன்னொரு சத்தம் கேட்டது.

அம்மா நிறுத்தினார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, பொத்தானைக் கழற்றி, சாவியை வெளியே எடுத்தார். ரிமோட்டின் ஓரத்திலிருந்து நுரை வழிந்தது.

"இது எப்புடிடீ இங்க வந்துச்சு?"

தெரியாது என்றேன். சவர்க்காரத்தை நீட்டியபடியே நின்றேன்.

அப்பாவை எழுப்பினார் அம்மா. அப்பா கையில் வாங்கியதும் செய்த முதல் காரியம் பொத்தானை அழுத்தியதுதான். விளக்கு மங்கலாக எரிந்தது. அணையாமலே எரிந்துகொண்டிருந்து, பிறகு தானாகச் செத்தது. மறுபடி அழுத்தினார். உதறிவிட்டு அழுத்தினார். சாரத்தில் துடைத்துவிட்டு அழுத்தினார்.

முந்திய வருடம் எங்கள் ரேடியோ ஒழுக்கில் நனைந்தபோது, தலவாக்கலையில் ரேடியோ திருத்துகிறவர் ஒரு வார்த்தையும் பேசாமல் முதலில் பேட்டரிகளைக் கழற்றிப் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதைச் சொல்ல வேண்டும் என்று நாக்குவரை வந்தது. ஆனால் சாவியைப் பற்றி வாய் திறந்தால், அடுத்த கேள்வி என்னிடம் வரும் என்று பயந்தேன். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முழுதாக நான்கு நிமிடம் போனது. பிறகு, யாரையும் பார்க்காமல், சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னேன், ரேடியோக் கடைக்காரர் முதலில் பேட்டரியைத்தான் கழற்றுவார் என்று.

அப்பாவின் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். நனைந்த சட்டையையும், திறந்து கிடந்த அதன் பையையும் பார்த்தார். அம்மா, காற்சட்டையைத்தான் பார்த்தேன், சட்டையைப் பார்க்காமல் விட்டது என் பிழை என்று தொடங்கினார்.

"நாந்தான் சட்டப் பையில போட்டுட்டேன் போல," என்றார் அப்பா. "தூக்கக் கலக்கம்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்பாவுக்கு உண்மையாகவே மறந்துபோயிற்று என்று நம்பினேன்.

பத்தேகால் மணிக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தேயிலை ஃபெக்டரியில் டிரையர் பக்கம் வேலை. அரைத்த இலையைச் சூட்டுக் காற்றில் காய வைக்கும் பெரிய இயந்திரம் அது. ஆடி மாதத்தில் காய்ந்த சட்டையோடு திரியும் ஒரே ஆம்பிளை இந்தத் தோட்டத்தில் தான்தான் என்று பெருமை பேசுவார். தனியாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில். அன்று சனிக்கிழமைக் கொழுந்து மிச்சமிருந்ததால் டிரையர் ஒரு மணிவரை ஓட வேண்டியிருந்தது. காலைத் தேத்தண்ணி இடைவேளையில் எட்டிப் பார்க்க வந்திருந்தார்.

அம்மா நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"ஏன் மச்சான், தொரை ஜீப்பத்தான கழுவச் சொன்னாரு? சாவியையுமா?"

யாரும் சிரிக்கவில்லை. மாமாவும் உடனே சிரிப்பை விட்டுவிட்டுக் கத்தி முனையால் ரிமோட்டைத் திறக்க உட்கார்ந்தார். கடுகளவு நான்கு ஸ்க்ரூக்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"பாப்பா, இதுதான் ஒன் வேல. ஒண்ணு தொலைஞ்சாலும் ஒங்கப்பன் மலைக்கித்தான்."

நான் வலது கையை மூடிக்கொண்டேன்.

மூடி திறந்ததும் தண்ணீர் சொட்டியது. மாமா முதலில் பேட்டரியைக் கழற்றி வைத்தார். உள்ளே நகத்தளவு பச்சைத் தகடு ஒன்று. அதன்மேல் சவர்க்கார நுரை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, இதை இப்படியே காய விட்டால் வெள்ளை வெள்ளையாகப் படியும், துணியில் படிவதுபோல, ஒருமுறை அலசித்தான் ஆக வேண்டும் என்றார். நனைந்த சாமானை மறுபடி நனைப்பதா என்று அப்பாவுக்கு ஆத்திரம் வந்தது. அம்மா அவரிடம் அனுமதி கேட்கவில்லை. ஆறிய கொதிநீரை ஒரு கோப்பையில் ஊற்றித் தகட்டை முக்கி எடுத்து, தன் சேலைத் தலைப்பில் ஒற்றினார்.

இனிக் காய வேண்டும். வெளியே வெயில் இல்லை. அப்பா அதை அடுப்பு மேலே பிடிக்கப் போனார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பச்சக் கொழுந்த நேரா டிரையர்ல போட்டா என்னா ஆகும் தெரியுமா மச்சான்? மேல மொறுமொறுன்னு காஞ்சிரும், உள்ளுக்குள்ள ஈரம் நிக்கும். ரெண்டு நாள்ல பூஞ்சணம். மொதல்ல வாட்டணும். அப்புறந்தான் சூடு."

எங்கள் தோட்டத்தில் யாரும் அதை மறுத்துப் பேசமாட்டார்கள். பறித்த கொழுந்தை ஃபெக்டரியின் மேல்மாடியில் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, கீழிருந்து இளஞ்சூடான காற்றை ஊதி வாட்டுவதும், பிறகு அரைத்து, கடைசியில் டிரையரில் காய வைப்பதும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த முறை. நனைந்த சாவிக்கும் அதே முறைதான் என்று முடிவானது. எனக்கும் அதில் சந்தேகம் எழவில்லை.

ஆனால் ஃபெக்டரிக்குள் எந்த இரும்புச் சாமானும் போகக் கூடாது. எப்போதோ ஏற்றுமதியான தேயிலையில் ஒரு ஆணி கிடந்து, அதன் பிறகு வந்த கட்டளை அது. வேலைக்காரர்கள் வாசலில் மடியை உதறிக் காட்ட வேண்டும். பெண்கள் வளையலைக் கழற்றி வைக்க வேண்டும். மீறினால் அன்றே வேலை இல்லை. இதெல்லாம் அப்பாவுக்கும் தெரியும். வேண்டாம், உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்றார். கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது. மாமா, ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் வருவார், ஒன்றும் ஆகாது என்றார். அப்பா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அப்பா மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னா ஆனாலும் ஒம் பேரு வெளிய வராது, மாப்புள."

"நீங்க போய்க் காக்கிய மாத்துங்க மச்சான். கொழும்புக்குச் சாரத்தோடயா போகப் போறீங்க?"

வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகளை வாசலில் யாரும் சோதிப்பதில்லை. ஆகையால் தகடும் மூடிகளும் பேட்டரியும் கைக்குட்டையில் முடியப்பட்டு, தூக்குச்சட்டிக்குள் வைக்கப்பட்டன. சாவியை அப்பா வைத்துக்கொண்டார். மாமா முன்னால் போனார். கால் மணி நேரம் கழித்து இடது கையில் தூக்குச்சட்டியும் வலது கையில் நான்கு ஸ்க்ரூக்களுமாக நான் போனேன்.

வாசலில் வாச்சர் நின்றார். என்ன கறி என்றார். பருப்பு என்றேன்.

"ஞாயித்துக் கெழமையுமா? ஒங்க மாமனுக்குக் கல்யாணம் கட்டி வச்சாத்தான் வயித்துக்கு விடிவு காலம்."

தூக்குச்சட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டேன். உள்ளே கைக்குட்டை முடிச்சு உருளும் சத்தம் எனக்கு இடி மாதிரிக் கேட்டது. வாச்சர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வழிவிட்டார்.

மேல்மாடியில் ஒரு மூலைத் தட்டின் விளிம்பில், கொழுந்து இல்லாத ஓர் அடி இடத்தில், மாமா கைக்குட்டையின் நான்கு முனைகளையும் கம்பிவலையில் கட்டினார். தகட்டையும் மூடிகளையும் அதன்மேல் பரப்பினார். கீழிருந்து வந்த காற்று கைக்குட்டையைப் பந்துபோல உப்ப வைத்தது. பறந்துவிடாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு மாமா கீழே டிரையருக்குப் போனார். நான் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ ஆயிரம் கிலோ கொழுந்து என்னைச் சுற்றி வாடிக்கொண்டிருந்தது. இந்தக் கையிலிருந்து ஒரு ஸ்க்ரூ அதற்குள் விழுந்தால் யாராலும் தேடி எடுக்க முடியாது என்பதை நினைக்க நினைக்கக் கை வியர்த்தது. வியர்த்தால் ஸ்க்ரூ ஈரமாகுமே என்று அதற்கும் பயந்தேன்.

ஒரு மணி நேரம் என்று மாமா சொல்லியிருந்தார். பன்னிரண்டேகாலுக்கு வந்து தகட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கொழுந்தையும் அப்படித்தான் பார்ப்பார்கள். வாட்டம் பிடித்துவிட்டது என்றார்.

டிரையரின் வாய்க்கருகே, கை பொறுக்கும் தூரத்தில், தகட்டைக் கைக்குட்டையோடு ஏந்திப் பிடித்தார். நூறு எண்ணச் சொன்னார். எண்ணினேன். திருப்பிப் பிடித்தார். மறுபடி நூறு. மூன்றாவது நூறில் எழுபத்து நான்கு எண்ணியிருந்தபோது வெளியே வாச்சர் விறைத்து நின்று சலாம் வைக்கும் குரல் கேட்டது.

டீமேக்கர் இல்லை. தொரையே வந்துவிட்டார்.

கொழும்புக் கூட்டத்துக்கு எடுத்துப் போக மாதிரித் தேயிலை பார்க்க வந்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் அவருடைய சப்பாத்துச் சத்தம்தான். மாமாவுக்குப் பை இல்லை. ஃபெக்டரி உடுப்பில் பை தைப்பதில்லை. டிரையரிலிருந்து அப்போதுதான் இறங்கிய சூட்டுத் தேயிலை ஒரு தள்ளுவண்டியில் குவிந்திருந்தது. மாமா கைக்குட்டையை அப்படியே அந்தக் குவியலுக்குள் அமிழ்த்தி, மேலே இரண்டு கை தூளை இழுத்துவிட்டார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

தொரை நேராக அந்தத் தள்ளுவண்டிக்குத்தான் வந்தார். கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையில் பரப்பி, அதன்மேல் மூச்சை ஊதி, மூக்கை அதில் புதைத்து நெடுநேரம் முகர்ந்தார். மாமா அசையவில்லை. தொரை அந்தப் பிடியைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொரு பிடி எடுத்தார். அவருடைய விரல் கைக்குட்டையிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி இறங்கியது. நல்லது என்பதுபோலத் தலையாட்டினார். அப்போதுதான் என்னைக் கண்டார்.

"யாரு பிள்ளை இது?"

"டிரைவர் மகளுங்க தொரை. எனக்குச் சாப்பாடு கொண்டாந்துச்சு."

தொரைக்கு அன்று நல்ல மனநிலை. சட்டைப் பையிலிருந்து ஒரு டொஃபி எடுத்து நீட்டினார். என் வலது கையில் நான்கு ஸ்க்ரூக்கள் இருந்தன. இடது கையை நீட்டினேன்.

எங்கள் ஆட்களில் யாரும் பிச்சைக்காரனுக்குக்கூட இடது கையால் கொடுக்க மாட்டார்கள், யாரிடமும் இடது கையால் வாங்க மாட்டார்கள். தொரையிடம் அப்படிக் கை நீட்டிய முதல் பிள்ளை நானாகத்தான் இருப்பேன். தொரை என் மூடிய வலது கையை ஒரு கணம் பார்த்தார்.

"அது எடக்கைப் பழக்கமுங்க தொரை," என்றார் மாமா. "அடிச்சும் திருந்தல."

தொரை டொஃபியை என் இடது கையில் போட்டுவிட்டு, நல்லாப் படிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய சப்பாத்துச் சத்தம் தேயும்வரை மாமா டிரையரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கைக்குட்டையைத் தோண்டி எடுத்தார். முடிச்சு இல்லாமல் சுருட்டியதால் தூள் உள்ளே போயிருந்தது. ஊதி ஊதித் துடைத்தோம். போய்விட்டது என்று நினைத்தோம்.

இரண்டேகாலுக்கு வீட்டில் எல்லாவற்றையும் பொருத்தியாயிற்று. நான் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். நான்காவது உள்ளங்கைத் தோலில் பதிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு தடவை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே அணைந்தது. அதுதான் சரி.

ஆனால் விளக்கு எரிவது வேறு, ஜீப் திறப்பது வேறு. அப்பா தனியாகப் பங்களாவுக்கு ஏறிப் போனார். டிரையர் வேலை முடிந்து வந்திருந்த மாமாவும் அம்மாவும் நானும் வாசலில் நின்று மேலே பார்த்தோம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, பனிமூட்டத்தில் பங்களாவின் கூரைகூடத் தெரியவில்லை. காதைத்தான் கொடுத்துக்கொண்டு நின்றோம். ஊளை கேட்டால் எல்லாம் முடிந்தது. அம்மா என் தோளைப் பிடித்திருந்தார். அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மூன்று மணிக்கு நான்கு நிமிடம் இருந்தபோது, இரண்டு சின்னச் சத்தங்கள் கேட்டன. கீச், கீச். குருவி மாதிரி. அடுத்து எஞ்சின் உறுமியது.

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, இப்பவாச்சும் சோறு போடு," என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

அப்பா செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார். ஜீப் நன்றாக ஓடியது என்று மட்டும் சொன்னார். சாவியை ஆணியில் மாட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை மாமாவுக்கு வேலை மாறியது. டிரையரிலிருந்து எடுத்துக் கவ்வாத்து மலைக்குப் போட்டார்கள். தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டும் வேலை. மழையில் நாள் முழுவதும் கம்பளியும் பொலித்தீனும் போர்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தோட்டத்தில் ஆட்களை அங்கும் இங்கும் மாற்றுவது வழக்கம் என்பதால் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மாமா ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தியபோது, மலை வேலையில் களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அம்மா அவருக்குச் சோறு கட்டி என்னிடம் கொடுத்தனுப்பினார். அதே தூக்குச்சட்டி.

பதினைந்து வருடங்களுக்குப் பிறகு, அப்பா இறந்த மாதத்தில், அம்மா எனக்கு மிச்சத்தைச் சொன்னார். ரிமோட் மறுபடி வேலை செய்யாமல் போய்விடுமோ என்று பயந்து, அப்பா கொழும்புவரை எஞ்சினை நிறுத்தாமலே ஓட்டிவிட நினைத்திருக்கிறார். வழியில் தொரை வெற்றிலை வாங்க அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, எண்ணெய் வீணாகிறதே என்று தானே எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்திருக்கிறார். தேயிலைக்காரர்கள் கையில் வரும் எதையும் மூக்குக்குக் கொண்டுபோவார்கள். அப்பா திரும்பி வந்தபோது தொரையின் உள்ளங்கையில் ரிமோட்டின் இடுக்கிலிருந்து உதிர்ந்த ஒரு கறுப்புத் தூள் இருந்திருக்கிறது. இன்று டிரையரில் இறங்கிய தூள், இது சாவிக்குள் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார். சத்தம் போடவில்லையாம். மெதுவாகத்தான் கேட்டாராம்.

சாவி நனைந்துவிட்டது, மச்சினன் காய வைத்துக் கொடுத்தான் என்று அப்பா சொன்னார்.

அவ்வளவுதான் சொன்னார். எப்படி நனைந்தது என்று தொரை கேட்டதற்கு, நான்தான் சட்டைப் பையில் மறந்து வைத்துவிட்டேன் என்றார். ஒளிக்காமல் சொன்னதற்காகத் தொரை அப்பாவை ஒன்றும் செய்யவில்லை. அந்தத் தள்ளுவண்டித் தேயிலை முழுவதையும் மறுபடி சலிக்கச் சொல்லி, மாமாவின் வேலையைப் பறிக்காமல் மலைக்கு மட்டும் அனுப்பினார். அதைத் தன்னுடைய கருணை என்றே அவர் நினைத்திருப்பார்.

நான்தான் சாவியைச் சட்டைப் பையில் போட்டேன் என்று அப்போது அம்மாவிடம் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு அத்தனை வருடம் பிடித்தது. அம்மா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"அந்தச் சட்டப் பையில அவரு ஒருநாளும் ஒண்ணும் வச்சதில்ல. அது அவருக்குத் தெரியாதா?"

இது எதுவும் தெரியாத அந்த வருடத்தில், பாடசாலைக்குப் போகும் குறுக்குப் பாதையில் சில நாட்கள் மாமாவைக் காண்பேன். பொலித்தீனிலிருந்து தண்ணீர் வழிய, கவ்வாத்துக் கத்தியோடு வரிசையில் நிற்பார். என்னைக் கண்டால் நிமிர்வார். எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"பாப்பா, அப்பாவோட சாவி வேல செய்யுதா?"

"செய்யுது மாமா."

"அப்பச் சரி."

முகத்தில் வழிந்த மழையைப் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி குனிவார். தான் காய வைத்துக் கொடுத்த சாவி பழுதில்லாமல் இருக்கிறதா என்று விசாரிக்கிறார், மாமாவுக்குத் தன் வேலைமேல் அவ்வளவு அக்கறை என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. முதல் தடவை கேட்ட அன்று, சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, அவருக்கும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அதைச் சொன்னேன். அப்பா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். பிறகு பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

அப்பாவுக்கு அன்று பசி இல்லை என்றுதான் நினைத்தேன்.